தம்பிக்கு, காற்றைப் பற்றி

திருகோணமலை,
ஆனி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வெளியே தலை காட்ட முடியவில்லை. மான்கள் கூட ஒழுங்கை மதிலோரம் நிழல் தேடி வந்து படுத்துக் கிடக்கின்றன. தங்கச்சிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை அவளே சொல்லியிருப்பாள். கூரை வேலையும் முடிந்தது. நீ அனுப்பிய காசு போதும், இனி அனுப்பாதே. உன் சாப்பாட்டைப் பார்.

வட்ஸ்அப்பில் உன் படத்தை மாற்றியிருக்கிறாய். தாடி வளர்த்திருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது, அப்பாவின் முகம் அப்படியே தெரிகிறது. ஆனால் தாடி இருந்தால் மாஸ்க் கன்னத்தோடு ஒட்டாது, ஓரத்தால் தூசி உள்ளே போகும். அதை அங்கே உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். வேலைக்குப் போகும்போது மாஸ்க் போடுகிறாய்தானே?

முன்பெல்லாம் வீடியோவில் கதைப்பாய். சித்திரை வருடத்துக்குப் பிறகு எல்லாம் எழுத்துத்தான். "ஓகே அம்மா." "பிஸி அம்மா." சரி, வேலை இருக்கும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

போன மார்கழியில் ஒரு கல்லின் படம் அனுப்பினாயே, கையுறை போட்ட கையில் வைத்து எடுத்தது, அதைப் பெரிதாகப் பிரின்ற் எடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். கருஞ்சிவப்பு வரி ஒன்று, வெளிறிய வரி ஒன்று, பிறகு மறுபடி கருஞ்சிவப்பு. சில வரிகள் நகத்தின் தடிப்புக்கூட இல்லை. "இந்தக் கல் மலைகளைத்தான் அம்மா உடைக்கிறோம்" என்று கீழே எழுதியிருந்தாய். நீ எதை உடைக்கிறாய் என்று உனக்கு முழுக்கத் தெரியுமா? விஞ்ஞானம் படிப்பித்தவளின் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ வேலை செய்யும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பராவில் உள்ள அந்த வரிக்கற்களுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அவை கடலுக்கு அடியில் உண்டானவை. அந்தக் காலத்தில் காற்றில் ஒட்சிசன் கிடையாது. பூமி பிறந்து 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்றால், அதில் பாதிக் காலத்துக்கு நீயும் நானும் ஒரு மூச்சுக்கூட விட்டிருக்க முடியாது. முதலில் இருந்த ஐதரசனும் ஹீலியமும் பாரம் இல்லாதவை, அவை விண்வெளிக்குப் போய்விட்டன. பிறகு எரிமலைகள் கக்கிய நீராவி, காபனீரொட்சைட்டு, நைதரசன் எல்லாம் சேர்ந்து ஒரு காற்று உண்டானது. நீராவி குளிர்ந்து மழையாகிக் கடலானது. ஒட்சிசன் இல்லாத அந்தக் கடலில், அடியிலுள்ள வெந்நீர்த் துளைகளிலிருந்து வந்த இரும்பு கரைந்தே கிடந்தது.

அதற்குள்ளேதான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெயிலைப் பிடித்து உணவு செய்யத் தொடங்கின. நாங்கள் நீலப்பச்சைப் பாசி என்று படித்தோமே, சயனோபக்றீரியா. அவை வெளியே விட்ட ஒட்சிசன் உடனே மேலே வரவில்லை. கடலில் கிடந்த இரும்பு அதைப் பிடித்துக்கொண்டது. இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இதுவே நடந்தது. பிடிக்க இருந்த இரும்பும் மற்ற வாயுக்களும் தீரத் தீரத்தான் மிச்ச ஒட்சிசன் காற்றில் தங்கியது, அதற்கு 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, உன் கையில் இருந்த கருஞ்சிவப்பு வரி, எவரும் சுவாசிக்காத ஒட்சிசன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. என் மகன் வேலை செய்யும் இடம் அது என்று எல்லோரிடமும் சொல்கிறேன், பத்திரகாளி அம்மன் கோயிலில் காணும் பழைய ரீச்சர்மாரிடமும் சொல்கிறேன்.

வெளிறிய வரி என்ன தெரியுமா? அது சிலிக்கா. உடைக்கும்போது அதிலிருந்து எழும் நுண்தூசி சுவாசப்பையின் அடிவரை போய்த் தங்கும். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் மறிக்கும், தெரியாத தூசிதான் உள்ளே போகிறது. போனால் அங்கே தழும்பு விழும், விழுந்த தழும்பு மாறாது. பெரியப்பா கல்லுடைக்கிற இடத்தில் எத்தனை வருடம் நின்றார் என்று உனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் மூன்று தலையணையை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் நித்திரை கொண்டார். நீ அவர் காலடியில் இருந்து விசிறியால் விசிறுவாய். அவருக்கு எவரும் மாஸ்க் கொடுக்கவில்லை. உனக்குக் கொடுக்கிறார்கள். போடு.

சின்ன வயதில் உனக்கு மூச்சு முட்டு வந்த இரவுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பம்ப் கையில் இருக்கட்டும், அறையில் வைத்துவிட்டுப் போகாதே.

உன் விடுமுறை நாட்களில் பேர்த்தில் படுத்துக் கிடக்காமல் ஒருதரம் ஷார்க் பே பக்கம் போய்ப் பார். அங்கே ஹமெலின் பூல் என்ற உவர்ப்பான குடாவில் அந்த நுண்ணுயிர்கள் இன்றைக்கும் குற்றி குற்றியாகக் கல் கட்டிக்கொண்டு இருக்கின்றன. பில்பராவிலேயே மார்பிள் பார் என்ற ஊர்ப் பக்கம் கிட்டத்தட்ட 350 கோடி ஆண்டு பழைய அப்படிப்பட்ட படிவுகள் கிடைத்திருக்கின்றன. உயிரின் மிகப் பழைய தடங்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்கவில்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஒட்சிசன் வந்ததும் எல்லோருக்கும் நல்லதாக முடியவில்லை. அன்றைக்கு இருந்த உயிர்கள் பலவற்றுக்கு அது நஞ்சு. தப்பியவை சேற்றுக்குள்ளும் காற்றுப் படாத இடங்களுக்குள்ளும் போய் ஒதுங்கின, வயல் சேற்றில் இன்னமும் இருக்கின்றன. பூமி உறைந்து போன காலங்களும் வந்தன. ஏறத்தாழ 72 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒன்றில் வெப்ப வலயம் வரை பனி மூடியது. பிறகு ஒட்சிசன் கூடக் கூட மேலே ஓசோன் தடித்து, வெயிலின் கெட்ட கதிரை மறித்து, 47 கோடி ஆண்டுகளுக்கு முன் அளவில்தான் செடிகள் தரைக்கு ஏறின. இப்போது நூற்றுக்கு 78 பங்கு நைதரசன், 21 பங்கு ஒட்சிசன். நீ முதல் முதலாக மனப்பாடம் செய்து சொன்ன பாடம் அதுதான், நினைவிருக்கிறதா?

காற்றைப் பற்றிச் சொன்னால் நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இரண்டும் வேறு வேறு இல்லை. சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது, "கடல் ஏன் ரீச்சர் உள்ளுக்கு வந்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். யாருடைய பிள்ளை என்று உனக்குத் தெரியும். கரும்பலகையில் பூமியை வெட்டிக் கீறினேன். மேலே கண்டங்களுக்குக் கீழே 35 கிலோமீற்றர் அளவு ஓடு, கடலுக்குக் கீழே அது 7 கிலோமீற்றர்தான். அதற்குக் கீழே 2900 கிலோமீற்றர் ஆழம் வரை சூடான பாறை. நடுவில் இரும்பு, வெளிப்பக்கம் உருகியும் உள்பக்கம் இறுகியும். அந்த இறுகிய உள்கருவை நிலநடுக்க அலைகளை வைத்து 1936இல் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண். அந்தச் சூட்டினால் ஓட்டின் துண்டுகள் நகர்கின்றன. எங்கள் துண்டு சுமாத்திராப் பக்கம் மற்றதன் அடியில் போய்ச் சிக்குகிறது. சிக்கியது 2004 மார்கழி 26 காலையில் 1200 கிலோமீற்றருக்கு மேல் நீளத்துக்கு வழுகியது, கடலடி துள்ளியது, இரண்டு மணித்தியாலத்துக்குள் தண்ணீர் எங்கள் கரைக்கு வந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அழவில்லை. அதே சூடும் அதே அசைவும் இல்லாவிட்டால் எரிமலை இல்லை, கடல் இல்லை, மூச்சு விடக் காற்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் கன்னியாக் கிணறுகளில் நீ வாளியால் அள்ளி ஊற்றுவாயே, அது எரிமலைச் சூடு இல்லை. மழைத் தண்ணீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போய், அங்கே சூடேறித் திரும்பி வருகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கவும் 25, 30 பாகை கூடும்.

அப்பா புல்மோட்டையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு மணல் போத்தில் அலுமாரி மேலேதான் இருக்கிறது. தங்கச்சி எறியப் பார்த்தாள், விடவில்லை. அந்த மணலில் இல்மனைற், ரூற்றைல், கொஞ்சம் சிர்க்கோன் என்ற கனியங்கள். சிர்க்கோன் மணி உண்டாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் மணியின் வயது வரும். உலகத்தில் இதுவரை கண்டெடுத்ததில் மிகப் பழைய சிர்க்கோன் மணி 440 கோடி ஆண்டு, அது உன் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் கிடைத்தது. அப்பா இருந்திருந்தால் உன்னை அங்கே போகச் சொல்லித் தொந்தரவு செய்திருப்பார்.

இலங்கையும் இந்தியாவும் நீ இருக்கும் அவுஸ்திரேலியாவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக, கோண்டுவானாவாக, அந்தாட்டிக்காவோடு ஒட்டிக் கிடந்தவை. எங்கள் மலைப் பாறைகளுக்கு ஒத்த பாறைகள் இன்றும் அந்தாட்டிக்காவில் உண்டு. இப்போது உன் கண்டம் ஆண்டுக்கு 7 சென்ரிமீற்றர் அளவு வடக்கே நகர்கிறது. 1994க்கும் 2020க்கும் இடையில் 1.8 மீற்றர் நகர்ந்து, வரைபடக் கணக்கையே அவர்கள் திருத்த வேண்டி வந்தது. கண்டமே அசைகிறது, நீ இரண்டு தைப்பொங்கலுக்கு வரவில்லை.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அப்பா போன பிறகு இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவன் நீ. தங்கச்சி படித்தது உன் உழைப்பில். அந்த உழைப்பு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கும்போதுதான் எனக்கு நித்திரை வருவதில்லை.

இன்னொன்று. போர்ட் ஹெட்லண்டில் கப்பலேறும் உன் கல்லை உருக்காலையில் கற்கரியோடு சேர்த்து எரிக்கும்போது, 250 கோடி ஆண்டு இரும்போடு கட்டுண்டு கிடந்த ஒட்சிசன் அதை விட்டுக் காபனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகக் காற்றுக்குப் போகிறது. ஆலைகள் பெருகுவதற்கு முன் பத்து இலட்சத்துக்கு 280 பங்கு இருந்த வாயு அது. ஹவாயில் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்தாட்டிக்காப் பனியில் அடைபட்ட காற்றுக் குமிழ்களைப் பார்த்தால், ஆலைகளுக்கு முந்திய எட்டு இலட்சம் ஆண்டுகளில் 300 அளவைத் தாண்டியதே இல்லை. பூமி தன் காற்றை மாற்ற எடுத்த காலத்தோடு பார்த்தால் இது ஒரு கண் இமைப்பு. புறாமலைப் பக்கம் படகு விடும் மாமா, தண்ணீர் சுடும் வருடங்களில் பவளம் வெளுத்துப் போவதைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுகிறார். இதில் உன் பிழை என்ன இருக்கிறது? இரும்பு எல்லோருக்கும் வேண்டும், எங்கள் கூரைக்கும் வேண்டியிருந்தது. ஆனால் காற்று கெடும் என்று உலகம் முழுக்கக் கவலைப்படும்போது, நான் ஒரு ஆளின் நெஞ்சுக்குள் போகும் காற்றைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். தாய்க்கு அவ்வளவுதான் முடியும்.

சரி, சொல்லிவிடுகிறேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, அவளை ஏசாதே. அவளுடைய போன் சார்ஜில் கிடந்தபோது உன் செய்தி மேலே வந்து நின்றது. "நெஞ்சுப் படத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லாதே" என்று இருந்தது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. அன்றிலிருந்து அவளிடமும் கேட்கவில்லை. உன்னிடமே கேட்கிறேன். என்ன எழுதியிருக்கிறார்கள்? ஊதிப் பார்க்கும் சோதனையும் செய்தார்களா? ரிப்போட்டை அப்படியே படம் பிடித்து அனுப்பு. எனக்கு விளங்காத இடத்தை இங்கே டொக்டரிடம் காட்டிக் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எடு. உங்கள் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால், ஆனபடியால் உன் சாப்பாடு முடிந்த பிறகு எடுத்தாலும் நான் விழித்திருப்பேன். இருமல் வந்தால் போனைத் திருப்பாதே, இரு. கொத்தமல்லி அவித்துக் குடி. மாஸ்க் போடு, தாடியை மழி. வேலையை விட்டுவிட்டு வருகிறாய் என்றாலும் வா, கூரை வேலை முடிந்துவிட்டது, உன் அறையில் இனி ஒழுகாது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ரிப்போட்டை எனக்கு அனுப்பு, தங்கச்சிக்கு இல்லை.