வெண்பட்டும் புஜக்கட்டையும்

அம்மாபேட்டை, சேலம்.

அன்புள்ள வசந்தா,

இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டிலும் அவ்வாறே என நம்புகிறேன். என் முழங்கால் உன் மருமகள் கொடுத்தனுப்பிய தைலத்துக்கும் மசியவில்லை. அதை விடு. எழுத வந்தது வேறு சங்கதி.

டொராண்டோவில் இருக்கும் பெரியவளின் மகள், அங்குள்ள இந்திய வம்சாவளிப் பெண்களுக்கான அழகிப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறாள். நீ மூக்கின்மேல் விரல் வைப்பாய்; நானும் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அந்தச் சுற்றில் அவள் நடனமாட வேண்டும், அணியும் உடை தாய்நாட்டின் மரபைக் காட்ட வேண்டும் என்பது விதி. நாட்டிய உடை தைத்தே காலம் தள்ளியவள் பாட்டியாக வாய்த்திருக்கும்போது அந்த வேலை வேறு யாரிடம் போகும்?

பெரியவள் அனுப்பிய மாதிரிப் படத்தைக் கண்டு எனக்குத் தலை சுற்றியது. காவி, வெள்ளை, பச்சை என அடுக்குப் பாவாடை, அதன் நடுவே அசோகச் சக்கரம், போதாக்குறைக்கு முதுகில் மயில் தோகை! தேசியக் கொடியை ஆடையாக்குவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்றும், 2005இல் அதைத் திருத்தியபோதும் இடுப்புக்குக் கீழே கூடாது என்றே வைத்திருக்கிறார்கள் என்றும் எடுத்துச் சொன்னேன். "அம்மா, இது கனடா" என்றாள். அங்கே நின்று இந்தியாவைக் காட்டத்தானே உடை கேட்கிறாய் என்றேன்.

அதற்கு மாற்றாக நான் சொன்னது நம் ஊர் வெண்பட்டு. எட்டு முழ வேட்டி இரண்டு வாங்கினால், இருபுறக் கரையையும் விசிறி மடிப்புக்கும் மேலாக்குக்கும் அழகாகத் திருப்பிவிடலாம். "வயசுப் பெண்ணுக்கு வெள்ளையா?" என்று அழாத குறையாகக் கேட்டாள் பெரியவள். மாப்பிள்ளைக்கு மங்கலமான துணி இவளுக்கு மட்டும் எப்படி அமங்கலமாகும்? அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்து அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை: கடைசி வரிசையில் இருப்பவருக்கு வெண்பட்டும் காடாத் துணியும் ஒன்றுதானாம். உண்மைதானே!

பிறகுதான் நம் பக்கத்துக் கூத்து நினைவுக்கு வந்தது. கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டுகள் பதித்த புஜக்கட்டையும் கிரீடமும் மார்ப்பதக்கமும், கோடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கும் துரியோதனனைக் காட்டிவிடும். (உனக்குக் காட்டியதையும், நீ எழுந்து ஓடியதில் கிழங்குக்கார அம்மாளின் கூடை பட்ட பாட்டையும் இங்கே எழுதப்போவதில்லை.) பரதநாட்டிய உடையில் இதைச் சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நாம் ஆதிகாலத்ததென்று நினைக்கும் அந்த உடையே, 1935இல் அடையாற்றில் மேடையேறிய, கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்து வகுத்துக்கொண்டதன் வழிவந்ததுதான். பரம்பரை நாட்டியக் கலைஞரான பாலசரஸ்வதி புடவைக் கட்டிலேயே ஆடினார். ஆகவே துணிந்துவிட்டேன்: உடலுக்கு வெண்பட்டு, தோளுக்குப் புஜக்கட்டை.

ஆனால் வசந்தா, ஒன்று என்னை உறங்கவிடவில்லை. இரவெல்லாம் ஆடி விடியற்காலையில் கட்டை அவிழ்ப்பவரின் தோள் தழும்பேறிக் கிடக்க, என் பேத்தி சில நிமிடம் அதை மாட்டிக்கொண்டு கைதட்டு வாங்குவது முறைதானா? அட்டையை வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டி நானே செய்துவிட முடியும். அதற்கு மனம் வரவில்லை. செய்யத் தெரிந்தவரின் கையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், மேடை அறிவிப்பில் தெருக்கூத்து என்ற பெயர் ஒலிக்க வேண்டும் என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். உடனே சம்மதித்த அவள், கூத்தின் அடவு ஒன்றிரண்டையும் கற்றுக்கொண்டு ஆடுகிறேன் என்கிறாள். கூடவே செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசும் கேட்டாள். சலங்கை கட்டிய காலில் கொலுசின் ஓசை யாருக்குக் கேட்கும், அதை வீட்டில் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

எடப்பாடிக்குப் போகும்போது உன் சின்ன மாமனாரைப் பார்த்துக் கேள். பெண்பிள்ளையின் தோளுக்கு ஏற்பச் சிறியதாகவும், பெட்டியில் வைக்கக் கழற்றி மாட்டும்படியும் ஒரு ஜோடி புஜக்கட்டை செய்து தருவாரா? அளவுகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். உன் வழக்கப்படி பேரம் பேசாதே. அவர் சொல்லும் விலையை அப்படியே எனக்கு எழுது, பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சாவித்திரி