சாளக்கிராமத்துக்கு எப்போ கிளம்பலாம், ஜெயா

அன்புள்ள ஜெயா,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு. வந்த அன்னைக்கே எழுதணும்னுதான் இருந்தேன், ஆனா அத்தையை நேபாளத்துல முக்திநாத்துக்கு, அதான் நம்ம சாளக்கிராமத்துக்கு, எப்போ கூட்டிட்டுப் போகலாம்னு நீ கேட்டது ஒரு வரில பதில் சொல்லிட்டு போற விஷயம் இல்லை, அதான் இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் படுத்தப்புறம் உக்காந்து டைப் பண்றேன். இங்க மடிப்பாக்கத்துல எல்லாரும் சௌக்கியம். மெட்ரோ வேலையால தெரு முழுக்க தூசி, பால்கனில துணி காயப்போட முடியலை, இவருக்கு சுகர் கொஞ்சம் கட்டுக்குள்ள வந்திருக்கு, தங்கச்சி பொண்ணுக்கு ஐப்பசில வளைகாப்பு. ஸ்ரீரங்கத்துல அத்தை இப்பவும் தினமும் பெருமாள் சேவிக்க நடந்தே போறாங்கன்னு எழுதியிருந்தியே, படிச்சப்போ மனசுக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. 74 வயசுல அந்தக் கால் நடக்குதுன்னா முக்திநாத்தும் நடக்கும்டி, எனக்கு அதுல சந்தேகமே இல்லை. எந்த மாசம் போறீங்க, எப்படி ஏறுறீங்க, இது ரெண்டுதான் என் கவலை.

மே மாசம் பேரனுக்கு லீவு, அதனால மே-ல புக் பண்ணிடலாமான்னு கேட்டிருக்க. வேண்டாம் ஜெயா. நான் அந்தத் தப்பைப் பண்ணிட்டு வந்தவ, அதனால சொல்றேன்.

2018 மே-ல நாங்க போனது உனக்கு ஞாபகம் இருக்கும். இங்க கத்திரி வெயில், அங்க இமயமலை, ஜில்லுனு இருக்கும்னு நினைச்சுதான் கிளம்பினோம். வழியில போக்ராங்கற ஊர்ல இறங்கினா நம்ம ஊர் மாதிரியே வேர்க்குது, ஏன்னா போக்ரா வெறும் 800 மீட்டர் சொச்சம் உயரம்தான், ஊட்டில பாதி கூட இல்லை. மூணு நாள் ஹோட்டல் மாடில விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்து நின்னோம், எதிர்ல மச்சபுச்ரே இருக்கு, மீன் வால் மாதிரி ரெட்டை உச்சி, 6,993 மீட்டர், அவ்வளவு பெரிய மலை கண்ணு முன்னாடி இருக்குன்னு சொல்றாங்க ஆனா ஒரு கோடு கூட தெரியலை, வெள்ளையா ஒரு மூட்டம் மட்டும். பருவமழைக்கு முந்தின அந்த மாசங்கள்ல காட்டுத்தீ, வயல்ல எரிக்கற புகை, தூசி எல்லாம் காத்துலயே நின்னுடுது, ஒரு நல்ல மழை பெஞ்சு கழுவி விட்டாத்தான் வானம் தெளியும். மத்தியானத்துக்கு மேல இடி மின்னலோட மேகம் வேற வந்து மூடிக்கும். இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லலை.

அதை விட மோசம் அடுத்து நடந்தது. எங்களைக் கூட்டிட்டுப் போன டூர்காரங்க போக்ராவுலேர்ந்து ஜீப்ல விடிகாலை கிளப்பி ஒரே நாள்ல முக்திநாத் அடிவாரத்துக்கு, ராணிபௌவான்னு பேர், அங்க கொண்டு போய் ராத்திரி தங்க வெச்சுட்டாங்க. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல. யோசிச்சுப் பாரு, நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான், அதுக்கு மேல இன்னும் ஒரு கிலோமீட்டர் நிமித்தி வெச்ச மாதிரி. நம்ம கடற்கரை ஊர்ல கிடைக்கற ஆக்ஸிஜன்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான் அங்க மூச்சுல கிடைக்கும். ராத்திரி ஒரு மணிக்கு இவருக்கு மண்டை பிளக்கற தலைவலி, வாந்தி, எழுந்து பாத்ரூம் போகக் கூட தள்ளாடினார். அந்த நிமிஷம் நான் பட்ட பயத்தை இன்னைக்கு எழுதறப்பவும் கை நடுங்குது. விடிஞ்சதும் கீழ ஜோம்சோம்ங்கற ஊருக்கு இறக்கிட்டாங்க, ஆயிரம் மீட்டர் இறங்கினதும் ரெண்டு மணி நேரத்துல மனுஷன் எழுந்து டீ கேட்டார். பெருமாளை சேவிக்காமலே திரும்பினோம்.

அதனால அத்தையை கூட்டிட்டுப் போறப்போ இந்த ஒண்ணை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காத. போக்ராவுலேர்ந்து ஜோம்சோம் போய் அங்கயோ பக்கத்துல மார்ஃபா கிராமத்துலயோ ரெண்டு ராத்திரி தங்கணும். ஜோம்சோம் தொட்டபெட்டா உயரம்தான், உடம்பு பழகிக்கும். மூணாம் நாள் காலைல ஜீப்ல மேல போய் சேவிச்சுட்டு மத்தியானத்துக்குள்ள இறங்கிடணும், மேல படுக்கக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டி பிரஷர், இதயம் எல்லாம் பாத்துக்கோ, உயரத்துக்குன்னு மாத்திரை தரட்டுமான்னு அவரே சொல்லட்டும், மெடிக்கல் ஷாப்ல நீயா கேட்டு வாங்காத.

சரி, எந்த மாசம்னு கேட்டியே. ஜூன்லேர்ந்து செப்டம்பர் பாதி வரைக்கும் அங்க பருவமழை. இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு, மழை பெய்யறது முக்திநாத்துல இல்லை, போற வழியிலதான். அன்னபூர்ணா, தவுளகிரி ரெண்டும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல நின்னு மேகத்தை தடுத்துடுது. மலைக்குத் தெக்க போக்ரா பக்கத்துல லும்லேன்னு ஒரு ஊர்ல வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது, நம்ம சென்னைக்கே 1,400 தான். மலையைத் தாண்டி ஜோம்சோம் போனா 300 கூட தேறாது. வால்பாறைல கொட்டறதும் உடுமலைப்பேட்டைல காயறதும் மாதிரியேதான், ஆனா பல மடங்கு. அதனால ஜூலைல கூட கோவில்ல வெயில் அடிக்கலாம், ஆனா வழியில பேனிங்கற ஊர்லேர்ந்து மேல போற ரோட்டுல எந்த வளைவுல மண் சரியும்னு யாருக்கும் தெரியாது. 2024 ஜூலைல அதே நேபாளத்துல மண்சரிவு ரெண்டு பஸ்ஸை அப்படியே திரிசூலி ஆத்துல தள்ளிடுச்சு, செப்டம்பர் கடைசில காட்மாண்டு வெள்ளத்துல நாடு முழுக்க இருநூறு பேருக்கு மேல போயிட்டாங்க. வயசானவங்களை வெச்சுக்கிட்டு அந்த மாசங்களை நினைச்சே பாக்கக் கூடாது.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியும் வேண்டாம். மேல பனி, குழாய்த் தண்ணி உறைஞ்சு கிடக்கும், வட இந்தியாவுல மூடுபனியால ரயிலும் ஃப்ளைட்டும் மணிக்கணக்கா லேட். மார்ச் கடைசில போனா லாலிகுராஸ் பூத்து மலைச்சரிவெல்லாம் சிவப்பா இருக்கும், அவங்களோட தேசியப் பூ அதுதான், அத்தைக்கு குளிரும் தாங்கும், ஆனா மலை மூட்டத்துல மறைஞ்சா மறைஞ்சதுதான்.

நான் உனக்கு சொல்றது ஐப்பசி பக்கம்தான், அதுலயும் பஞ்சாங்கத்தை கையில வெச்சுக்கிட்டு பாரு. நம்ம நவராத்திரி நேரத்துல அவங்களுக்கு தசைன், விஜயதசமி ரெண்டு பேருக்கும் ஒரே நாள், ஆனா அவங்க அதுக்கப்புறம் பௌர்ணமி வரைக்கும் கொண்டாடறாங்க. அந்த நாட்கள்ல ஊரே சொந்த ஊருக்குப் போகும், பஸ்ல இடம் கிடைக்காது, கடை பாதி மூடியிருக்கும். பௌர்ணமி தாண்டினதும் எல்லாம் திறந்துடும். அங்கேர்ந்து தீபாவளி அமாவாசை வரைக்கும் அந்த தேய்பிறை பதினஞ்சு நாள் இருக்கு பாரு, அதுதான் அத்தைக்கு ஏத்த நாள். மழை வானத்தை கழுவிட்டுப் போயிருக்கும், ரோடு ஓரளவு காஞ்சிருக்கும், குளிர் இன்னும் கடிக்க ஆரம்பிச்சிருக்காது. கடைசி ரெண்டு மூணு நாள் காட்மாண்டுல இருந்தீங்கன்னா திஹார் ஆரம்பத்தையும் பாத்துடலாம், அவங்க தீபாவளி அஞ்சு நாள், முதல் நாள் காக்காவுக்கு, மறுநாள் நாய்க்கு மாலை போட்டு பொட்டு வெச்சு சாப்பாடு போடுவாங்க. நீ தினமும் காக்காவுக்கு சாதம் வைக்கறவ, உனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நான் ரெண்டாவது தடவை தங்கச்சியோட போனது 2022-ல, தீபாவளி முடிஞ்சு நவம்பர் முதல் வாரம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர்லயே வந்துடுச்சு. ஜோம்சோம்ல ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டு வெளிய வந்தோம், பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஊருக்கு மேல நீலகிரி நிக்குது, ஆமாண்டி அங்கயும் ஒரு நீலகிரி, நம்மது மாதிரி இல்லை, 7,061 மீட்டர், முழுக்க பனி, அந்த நிலா வெளிச்சத்துல மலை தானே ஒளி விடற மாதிரி நின்னுச்சு. தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா, ரெண்டு பேரும் பேசவே இல்லை. நாலு வருஷம் முன்னாடி இதே இடத்துல நான் எதையும் பாக்காம திரும்பியிருக்கேன்னு நினைச்சப்போ அழுகை வந்துடுச்சு.

மறுநாள் கோவில். ஜீப் நிக்கற இடத்துலேர்ந்து அரை மணி நேர ஏத்தம், படியும் இருக்கு, குதிரையும் கிடைக்கும், அத்தைக்கு குதிரை வேண்டாம்னா பத்து அடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு ஏறட்டும், யாரும் விரட்ட மாட்டாங்க. சன்னதி சின்னதுதான். பின்னாடி அரைவட்டமா சுவர், அதுல 108 மாட்டு முக குழாய், ஒவ்வொண்ணுலேர்ந்தும் மலைத் தண்ணி விழுது. முதல் குழாயில தலையைக் காட்டினேன், ஐஸ் இல்லை, ஐஸை விட மோசம், மூச்சே நின்னுடுச்சு, பத்தாவதுல தலை மரத்துப்போச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியலை, அடுத்தது அடுத்ததுன்னு ஓடினேன். அத்தை அப்படி பண்ண வேண்டாம், கையில பிடிச்சு தலையில தெளிச்சுக்கிட்டா போதும், எத்தனையோ பேர் அப்படித்தான் செய்யறாங்க. உள்ள பெருமாள் பக்கத்துல நிக்கறது ஒரு புத்த பிக்குணி, நமக்கு விஷ்ணு அவங்களுக்கு அவலோகிதேஸ்வரர், ரெண்டு பேரும் ஒரே விக்ரகத்தை கும்பிடறாங்க. திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம் இதுன்னு நினைச்சப்போ, எந்த ரோடும் ஜீப்பும் இல்லாத காலத்துல இந்தப் பேர் நம்ம தமிழ்ல வந்து உக்காந்திருக்கேன்னு எனக்கு சிலிர்த்துப்போச்சு.

அங்க இருக்கற காத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். குயின் மேரிஸ்ல படிச்சப்போ மத்தியானம் ஆனா கடல் காத்து வந்து நம்ம நோட்டுப் பேப்பரெல்லாம் பறக்கும் இல்ல, தரை சூடாகி கடல்லேர்ந்து காத்தை இழுக்கும்னு ஃபிசிக்ஸ் மேடம் சொல்வாங்களே, அதேதான் ஜோம்சோம் வழியா ஓடற காளி கண்டகி ஆத்துப் பள்ளத்தாக்குலயும். திபெத் பக்கத்து மேட்டு நிலம் வெயில்ல சூடானதும் கீழேர்ந்து காத்தை அந்த இடுக்கு வழியா உறிஞ்சுது, காலைல பத்து பதினோரு மணிக்கு மேல நிக்க முடியாது, மணல் மூஞ்சில அடிக்கும். அதனாலதான் போக்ரா ஜோம்சோம் ஃப்ளைட் காலைல மட்டும். இருபது நிமிஷப் பயணம், ஆனா மேகமோ காத்தோ இருந்தா கேன்சல், அதனால திரும்பற டிக்கெட்டுக்கு நடுவுல ரெண்டு நாள் சும்மா விட்டு வை. டெல்லி ஃப்ளைட்டை அடுத்த நாளே போட்டுடாத. அத்தை ஆத்தங்கரையில சாளக்கிராமக் கல் பொறுக்கணும்னு ஆசைப்பட்டா விடிகாலைலயே கூட்டிட்டுப் போயிடு, அப்போ காத்து இருக்காது.

இன்னும் ஒண்ணு. ஐப்பசி நம்ம வங்கக்கடல்ல புயல் மாசம். 2014 அக்டோபர் 12 விசாகப்பட்டினத்துல ஹுட்ஹுட் கரையைக் கடந்துச்சே, அந்த ஈரம் வடக்க போய் ரெண்டே நாள்ல முக்திநாத்துக்கு மேல இருக்கற தோரோங் கணவாய்ல பனிப்புயலா கொட்டுச்சு, அந்தப் பக்கத்துல நாப்பது பேருக்கு மேல செத்துட்டாங்க. அதுவரைக்கும் வானம் நல்லாத்தான் இருந்துச்சாம். நீங்க அவ்வளவு உயரம் ஏறப் போறதில்லை, இருந்தாலும் நம்ம பக்கம் புயல்னு நியூஸ் வந்தா ஜோம்சோம்லயே நின்னுடு, ரெண்டு நாள் கழிச்சு மேல போய்க்கலாம்.

பேரன் வரலைன்னு உனக்கு வருத்தமா இருக்கும், புரியுது. அவனுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு ஜெயா, அவனை அவன் அப்பா அம்மாவோட இன்னொரு தடவை அனுப்பு. அத்தைக்கு இந்த ஒரு தடவைதான். அவங்க உடம்பு எப்போ தாங்குதோ மலை எப்போ திறந்திருக்கோ அந்த நாளைப் பாரு, ஸ்கூல் லீவைப் பாக்காத.

வீசா வேண்டாம், ஆனா பாஸ்போர்ட்டோ வோட்டர் ஐடியோ ஒரிஜினல் கையில இருக்கணும். அத்தை வோட்டர் ஐடில பேர் எப்படி இருக்குன்னு பாரு, டிக்கெட்லயும் அதே மாதிரி போடணும். அங்க போனதும் வாட்ச்சை கால் மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுக்கோ. கம்பளி நான் ரெண்டு செட் எடுத்து வெச்சிருக்கேன், தங்கச்சியோடது அத்தைக்கு சரியா இருக்கும், கொரியர்ல போட்டுடறேன், காதை மூடற குல்லாவும் அதுலயே வெக்கறேன்.

இவர் இந்தத் தடவை நானும் வரேன்னு சொல்லிட்டு இருக்கார், விட்டுப்போன தரிசனம் ஆச்சே. வளைகாப்பு தேதி இன்னும் வெக்கலை, உங்க நாள் தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி தங்கச்சிகிட்ட பேசிக்கறேன். உங்களோட சேர்ந்துக்கலாமா, அத்தைகிட்ட கேட்டு எழுது.

உன்
வசந்தா