வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கிளட்ச், கிலோமீட்டர், வாரண்டி குறித்து

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து, பழைய கார் விற்கும் நம் கடையைப் பற்றிய ஒரு குரல் பதிவு பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருவது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். சிலர் அதை எனக்கே அனுப்பி, என்ன நடந்தது என்று நேராகக் கேட்டீர்கள். வேறு சிலர் எதுவும் கேட்காமல், கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனீர்கள். கேட்டவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் பதில் சொல்லும் கடமை எனக்கு இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2017ஆம் ஆண்டில் பதிவான ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் காரைச் செப்டம்பர் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் நம்மிடம் வாங்கினார். நீங்கள் பலரும் செய்வதுபோல் மாசாணியம்மன் கோவிலில் பூஜை போட்டுத்தான் வண்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மூன்று வாரம் கழித்து, தீபாவளி விடுமுறையில், பெரியவர்கள் ஐவர், ஒரு குழந்தை, பயணப் பெட்டிகள் என்று நிறைந்த வண்டியில் வால்பாறைக்குப் புறப்பட்டார். ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டி ஏறத் தொடங்கியபின், இருபதாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் தீய்ந்த வாடை அடித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. மழைத் தூறலில் குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அந்தக் குடும்பம் மலைப்பாதையில் நின்றிருக்கிறது. அந்தத் துன்பத்தை நான் சிறிதும் குறைத்துப் பேச வரவில்லை.

மீட்பு வண்டியில் ஏற்றி நம் பட்டறைக்குக் கொண்டுவந்து கழற்றிப் பார்த்தபோது கிளட்ச் பிளேட் கருகி, பிரஷர் பிளேட் நீலம் பாரித்திருந்தது. ஆறு மாத வாரண்டியில் இலவசமாக மாற்றித் தர வேண்டும் என்று அவர் கேட்டார். கிளட்ச் வாரண்டியில் வராது என்றும், ஆனாலும் கூலி வாங்காமல் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றின் விலையான 6,850 ரூபாயை மட்டும் பெற்றுக்கொண்டு வேலையை முடித்துத் தருகிறோம் என்றும் சொன்னோம். அவர் வேறொரு பட்டறைக்கு வண்டியை எடுத்துச் சென்றார். அடுத்த நாள் அந்தக் குரல் பதிவு வந்தது. நம் வாரண்டி வெறும் கண்துடைப்பு என்பது அதில் உள்ள முதல் குற்றச்சாட்டு. வண்டியின் கிலோமீட்டரைக் குறைத்து வைத்து விற்றோம் என்பது இரண்டாவது.

முதலாவதற்கு நான் நெடுநேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நம் வாரண்டி அட்டையில் இன்ஜினின் உட்பாகங்களுக்கும் கியர் பாக்ஸுக்கும் பொறுப்பேற்பதாக எழுதியிருக்கிறோம். கிளட்ச், பிரேக் பேட், டயர், பேட்டரி, வைப்பர், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவை தேயும் பாகங்கள் என்று அதே அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். அந்த எழுத்து சிறியது என்று அவர் சொன்னது சரிதான்; அதைப் பெரிதாக்குகிறோம். கிளட்ச் பிளேட் என்பது இன்ஜின் பக்கத்துச் சக்கரத்துக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே உராய்ந்து பிடிக்கும் தகடு. மிதியை முழுதும் விடாமல் பாதியில் வைத்து ஏறினால் அது பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், நாற்பது வளைவுகள் கொண்ட வால்பாறைப் பாதையில் ஒரே ஏற்றத்தில் அது கருகிவிடக்கூடும். பழகிய கைக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கும் கிளட்ச், வேறொருவரிடம் முப்பதாயிரத்திலேயே முடிந்துபோவதை நம் பட்டறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். மலை ஏறும்போது முதல் கியருக்குத் தயங்காமல் மாற்றுங்கள், வளைவில் நிற்க நேர்ந்தால் கைப்பிரேக்கைப் பயன்படுத்துங்கள், வண்டியைக் கிளட்சில் தாங்கிப் பிடிக்காதீர்கள் என்று ஒவ்வொரு டெலிவரியின்போதும் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

இரண்டாவது குற்றச்சாட்டு என்னைத் தூங்கவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக இதே சாலையில் இதே பலகையின் கீழ் வியாபாரம் செய்கிறேன். வண்டியின் விலையை நான் அதிகம் சொல்லியிருக்கலாம். பெயின்டிங் வேலையில் தாமதம் செய்திருக்கலாம். ஆனால் ஒரு வண்டியின் மீட்டரில்கூட இந்தக் கடையில் யாரும் கை வைத்ததில்லை.

மீட்டரைத் திருப்பும் வேலை இந்தத் தொழிலில் நடப்பதில்லை என்று நான் சொல்லமாட்டேன், நடக்கிறது. பழைய முள் மீட்டர்களில் பல்சக்கரத்தைச் சுழற்றினார்கள். இப்போதைய டிஜிட்டல் மீட்டர்களில் நினைவகச் சில்லில் பதிந்துள்ள எண்ணைக் கருவி கொண்டு மாற்றுகிறார்கள். சில மாடல்களில் அந்த எண் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிந்திருக்கும் என்பதால் ஸ்கேனர் போட்டால் வேறுபாடு தெரியும். எல்லா மாடல்களிலும் அப்படித் தெரியாது. ஆகவே நாங்கள் வண்டி எடுக்கும்போது மீட்டரை மட்டும் நம்புவதில்லை. சர்வீஸ் பில்களில் ஒவ்வொரு தேதிக்கும் எழுதப்பட்ட கிலோமீட்டரைப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்ப்போம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். மிதிகளின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம், கியர் குமிழ் ஆகிய மூன்றும் சொல்லும் கதையும் மீட்டர் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குறிப்பிட்ட அந்த வண்டியை நாங்கள் வாங்கியபோது மீட்டர் 57,912 காட்டியது. டெலிவரி கொடுத்த அன்று 57,968. இடைப்பட்ட 56 கிலோமீட்டரும் ஓட்டிக் காட்டவும் பட்டறைக்கும் போய்வந்த தூரம். 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, பழைய கார் வியாபாரி ஒவ்வொரு ஓட்டத்தையும் நோக்கம், ஓட்டுநர், நேரம், தூரம் ஆகியவற்றுடன் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நாங்கள் நாள் தவறாமல் எழுதுகிறோம். அதன் நகலை அவருக்கு அனுப்பியிருக்கிறோம், உங்களில் யார் கேட்டாலும் காட்டுகிறோம்.

"டயர் ஏற்கெனவே ஒரு முறை மாற்றியாகிவிட்டது, அப்படியென்றால் லட்சத்தைத் தாண்டிய வண்டி" என்று பதிவில் ஒரு வாதம் வருகிறது. முதல் டயர்கள் 39,000 கிலோமீட்டரில் மாற்றப்பட்டன. அதற்கான பில் கோப்பில் இருக்கிறது. நம் தேங்காய் வண்டிகள் ஓடும் தோட்டத்துப் பாதைகளில் நாற்பதாயிரத்தில் டயர் மாற்றுவது வியப்புக்குரியதன்று. சீட் கவரும் ஸ்டீயரிங் கவரும் புதிதாகப் போட்டது தேய்மானத்தை மறைக்கத்தான் என்பது அடுத்த வாதம். வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது புதுக் கவர் என்பதால் எல்லா வண்டிகளுக்கும் அதைப் போடுகிறோம். இனிமேல் வாடிக்கையாளர் பார்த்து முடித்த பிறகே கவர் போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வண்டியின் முந்தைய உரிமையாளர் நம் ஊர்க்காரர்; அவருடைய சம்மதத்துடன் அவர் தொலைபேசி எண்ணை ஒப்பந்தத்தின் அன்றே கொடுத்தோம். மீட்டரைத் திருப்பியவன் பழைய உரிமையாளரின் எண்ணைக் கொடுப்பானா என்பதை மட்டும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 2021க்குப் பிறகு அந்த வண்டி வெளிப்பட்டறைகளில் சர்வீஸ் ஆனதால் பில்கள் இல்லை என்பதை வாய்மொழியாகச் சொன்னோம், எழுதிக் கொடுக்கவில்லை. அதற்கு வருந்துகிறேன்.

இதே நேரத்தில் விலை உயர்வைப் பற்றியும் நீங்கள் கேட்கிறீர்கள். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் முடிவுப்படி, சிறிய பழைய கார்களுக்கும் 12 விழுக்காடாக இருந்த வரி 18 ஆனது. வண்டியின் முழு விலைக்கும் 18 விழுக்காடு என்று அப்போது பரவிய செய்தி தவறானது. வரி எங்கள் லாபத்தின் மீது மட்டுமே. மூன்று லட்சத்துக்கு வாங்கி 3,40,000க்கு விற்றால் நாற்பதாயிரத்துக்கு வரி. முன்பு 4,800 ரூபாய், இப்போது 7,200 ரூபாய். நீங்கள் உங்கள் சொந்தக் காரை நேரடியாக இன்னொருவருக்கு விற்றால் இந்த வரி கிடையாது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களின் வரி 18 விழுக்காடாகக் குறைந்தபோது, வாங்குவோருக்கு அது நல்ல செய்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்கும். அதற்கு முன்பே வாங்கி நிறுத்தியிருந்த பதினொரு வண்டிகளில் ஏழு வண்டிகளை நட்டத்தில்தான் விற்றோம்.

பட்டறையைப் பொறுத்தவரை, பதினேழு ஆண்டுகள் நம்முடன் இருந்த தலைமை மெக்கானிக் ஜூன் மாதம் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். "அண்ணன் இருக்கிறாரா" என்று அவரைக் கேட்டுத்தான் பலரும் வாசலில் வண்டியை நிறுத்துவீர்கள். மகளின் கல்லூரிச் செலவுக்காகப் போனவரை நான் தடுக்க முடியவில்லை, தடுப்பதும் முறையன்று. அவர் பயிற்றுவித்த இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். ஏசி, வயரிங் வேலைகளை மட்டும் கோவையிலிருந்து ஆள் வரவழைத்துச் செய்கிறோம் என்பதால் இரண்டு நாள் கூடுதலாகும். பொது சர்வீஸ் கூலி 1,200இலிருந்து 1,500 ஆகிறது.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று வரும் புகார்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் லிட்டருக்கு ஓடும் தூரமும் சற்றுக் குறையும். பத்து ஆண்டு தாண்டிய வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் வாடை வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு வண்டிக்கும் எழுத்து வடிவிலான ஆய்வுத்தாள் தருகிறோம். அதில் கிடைத்த பில்கள், கிடைக்காத ஆண்டுகள், டயர் எண்கள், ஸ்கேனர் அறிக்கை, கிளட்ச் மிதியின் நிலை அனைத்தும் இருக்கும். நீங்களும் நாங்களும் கையெழுத்திடுவோம். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துவந்து பார்க்க அரை நாள் ஒதுக்கித் தருவோம். வாரண்டிக் காலம் அன்று முதல் மூன்று மாதமாக இருக்கும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அட்டையில் உள்ளபடி ஆறு மாதம் தொடரும். வாங்கிய பதினான்கு நாட்களுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அவருக்கே உரியது, வண்டியுடன் வராது. இதைத் தெரியாமல் விபத்துக்குப் பிறகு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை நம் அலுவலகத்திலேயே கட்டணமின்றிச் செய்து தருகிறோம்.

ஊரடங்குக் காலத்தில் ஒரு வண்டியும் விற்காத நாட்களில், தேவையே இல்லாவிட்டாலும் ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுவந்து, பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி செய்தவர்கள் நீங்கள். அப்பா வாங்கிய கடை என்று சொல்லி மகன் வந்து நிற்கும்போது கிடைக்கும் நிறைவை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. இந்தக் குரல் பதிவு வந்த அன்றே கடைக்கு நேரில் வந்து, ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் போன நால்வரை நான் மறக்கமாட்டேன். அந்த வாடிக்கையாளரையும் நான் பகையாகக் கருதவில்லை. கூலியில்லாத சலுகை அவருக்கு இன்றும் உண்டு. வேறு பட்டறையில் கொடுத்த கூலியின் பில்லைக் கொண்டுவந்தால் அத்தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

கார்த்திகை பிறந்துவிட்டது. சபரிமலைக்குச் செல்வோர் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னதாக வண்டியைக் கொண்டுவந்தால் கிளட்ச், பிரேக், கூலன்ட் மூன்றையும் கட்டணமின்றிப் பார்த்துத் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை இல்லை. மற்ற நாட்களில் காலை ஒன்பது மணி முதல் நான் கடையில் இருப்பேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உரிமையாளர்
பொள்ளாச்சி, நவம்பர் 2025