மாலைதீவு இருக்கட்டும், நெடுந்தீவில் ஒரு இரவு தங்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேலை உன்னைப் பிழிந்து எடுக்கிறது, ஒரு சனி ஞாயிறு எங்கேயாவது ஒரு தீவில் போய்ப் படுக்க வேண்டும், மாலைதீவுக்கு ரிக்கெற் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் மாலே போய்விடலாம், உண்மைதான். தண்ணீரும் அங்கே அவ்வளவு தெளிவு. நீந்துகிற ஆளுக்கு நானே அங்கே போ என்றுதான் சொல்வேன். ஆனால் நீ முழங்கால் தண்ணிக்கு மேல் இறங்காத ஆள். உனக்கு வேண்டியது கடல் காற்றும், ஒருத்தரும் கூப்பிடாத ஒரு பின்னேரமும். அதற்கு எதற்குக் கடவுச்சீட்டு? எங்கள் யாழ்ப்பாணக் கடலிலேயே இருக்கிற நெடுந்தீவுக்கு வா.

"அதெல்லாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே பார்த்தாச்சு அக்கா" என்பாய். எனக்கும் அந்தச் சுற்றுலா தெரியும். காலைப் படகில் போய் இறங்கி, அந்தப் பருத்த பெருக்கு (பாவோபாப்) மரத்துக்கு முன்னால் ஒரு படம், கோட்டைக்கு முன்னால் ஒரு படம், தூரத்தில் குதிரையைக் கண்டதும் எல்லாரும் ஒரே கத்தல், அப்புறம் திரும்புகிற படகைப் பிடிக்க ஓட்டம். வாத்தியார் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி. இன்றைக்கும் வான் பிடித்து வருகிறவர்கள் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள், உச்சி வெயிலில். அந்த வெயிலில் நெடுந்தீவு யாருக்கும் பிடிக்காது. உனக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இரவு தங்கு. வந்தவர்களெல்லாம் பிற்பகல் படகில் போன பிறகுதான் அந்தத் தீவு தன் பாட்டுக்கு மூச்சு விடத் தொடங்கும்.

வெள்ளி இரவு பஸ்ஸோ ரயிலோ ஏறினால் விடிய யாழ்ப்பாணம். வீட்டில் முகம் கழுவிவிட்டு, அம்மாவின் புட்டைத் தட்டாமல் சாப்பிட்டுவிட்டு, குறிகட்டுவான் பஸ்ஸைப் பிடி. பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல்தான். வேலணை, புங்குடுதீவு என்று தீவுக்குத் தீவு ரோட்டாலேயே போகலாம். ரோட்டு முடிகிற இடம் குறிகட்டுவான். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். படகில் உன்னோடு அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளும் வரும். உல்லாசப் பயணிக்கு விட்ட படகு இல்லை அது, ஒரு ஊரின் கடையும் ஆஸ்பத்திரியும் கல்யாணமும் போய்வருகிற படகு. தீவு ஆட்களுக்கு இடம் விட்டுக்கொடு, வயது போனவர்களை முதலில் ஏறவிடு.

காலத்தைப் பார்த்து வா. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் படகு நன்றாகத் தூக்கிப் போடும், உனக்குப் பஸ்ஸிலேயே தலை சுற்றும். தை பிறந்து பங்குனி வரையான நாட்கள்தான் நல்லது. மழை பெய்து ஓய்ந்த தரையில் புல்லும் இருக்கும், குதிரைகளும் வயிறு நிறைந்து நிற்கும்.

மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகின் நினைவிடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போ. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகில் குழந்தைகள், பெண்கள் உட்படப் பலரை வெட்டிக் கொன்றார்கள். ஓய்வெடுக்க வருகிறவனிடம் இதை ஏன் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ கடந்து வந்தது அதே கடல். அங்கே உனக்குச் சோறு போடப்போகிற வீட்டிலும் அந்தப் படகில் போனவர்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

பிறகு அறையில் பையைப் போட்டுவிட்டுப் படு. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. வெயில் தாழும்வரை வெளியே போகாதே.

நாலு மணிக்குப் பிறகு ஒரு சைக்கிள் கேட்டு வாங்கி ஒழுங்கைகளுக்குள் போ. நெடுந்தீவில் நான் அலுக்காமல் பார்ப்பது குதிரையும் இல்லை, கோட்டையும் இல்லை. வேலிதான். எங்கள் ஊரில் கதியால் நட்டு ஓலை அடைப்போம். அங்கே பவளக் கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியே மதில் கட்டியிருக்கிறார்கள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் காற்று ஊடே போய்விடும், மதில் நிற்கும். வீட்டு வளவு, தோட்டம், ஆட்டுப்பட்டி எல்லாவற்றுக்கும் அதே வேலிதான். ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் தீவு, அதில் இருப்பது நாலாயிரம் பேர் அளவில். அதனால் இந்த மதில்களுக்கு நடுவே ஆளே இல்லாமல் வெகுதூரம் போகலாம். ஒரு மாட்டைக் காண்பாய், பனங்காட்டைக் காண்பாய்.

குதிரைகளைத் தேடுவதென்றால் தெற்குப் பக்க வெளிக்குப் போக வேண்டும். போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகவும் ஒல்லாந்தர் இங்கேயே வளர்த்துப் பெருக்கியதாகவும் சொல்வார்கள். வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. கட்டை உருவம், யாருக்கும் சொந்தமில்லாத நடை. கிட்டப் போய்ப் படம் எடுக்கிறேன் என்று துரத்தாதே. கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அவை சாவதும் உண்டு. நன்னீர் அந்தத் தீவில் மனிதனுக்கே தட்டுப்பாடு, தவிட்டு நிறத்தில் புல் காய்ந்து கிடக்கிற காலத்தில் குதிரைக்கு எங்கே போவது? ஆகவே குளிக்கும்போது வாளிக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துக்கொள். குடிக்கத் தண்ணீர் போத்தல் இங்கிருந்தே கொண்டுபோ.

கோட்டையைப் பார்க்கப் போனால் யாராவது மீகாமன், வெடியரசன் கதை சொல்வார்கள். கேள். கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடிக் கப்பலேறிய மீகாமனும், அவனை மறித்த வெடியரசனும் கடலில் சண்டை பிடித்த கதை. சிலப்பதிகாரத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த உனக்கு இந்தக் கடலோட்டப் பகுதி புதிதாக இருக்கும். இது ஈழத்தில் வழங்குகிற கண்ணகி கதை. நெடுந்தீவு ஆட்கள் வெடியரசன் பக்கம். பறங்கியர் கோட்டைக்கு மீகாமன் பெயரும், இன்னொரு கல் மேட்டுக்கு வெடியரசன் பெயரும் இருக்கிறது. வரலாறு படித்தவர்கள் தலையைச் சொறிவார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

கடற்கரையைப் பற்றி உன்னை ஏமாற்றக் கூடாது. பல இடங்களில் பவளக் கல்லும் சிப்பியும்தான், செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மேற்குப் பக்கம் நல்ல மணல் உண்டு. ஆனால் அங்கே சாய்கதிரையும் இல்லை, இளநீரில் குடை குத்திக் கொடுக்கிற ஆளும் இல்லை. தங்குமிடங்களும் ஒன்றிரண்டுதான், சாதாரண அறைகள். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சமைக்கச் சாமான் இருக்காது. சொல்லிவைத்தால் அன்று பிடித்த மீனில் குழம்பும், நண்டும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒடியல் கூழும் கிடைக்கும். கூழைப் பனையோலைப் பிளாவில் குடிக்கத் தந்தால் கரண்டி கேட்டு மானத்தை வாங்காதே.

ஞாயிறு காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்துவிடு. அங்கிருந்து நயினாதீவு கால் மணித்தியாலப் பயணம்தான். நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டு, அன்னதான மண்டபத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் நாகவிகாரையையும் பார்த்துவிட்டு வரலாம். ஆனித் திருவிழாக் காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதே, படகுக்கே வரிசை. களைப்பாக இருந்தால் நயினாதீவையும் விட்டுவிடு, அம்மன் அடுத்த முறையும் அங்கேதான் இருப்பாள். அம்மா மட்டும் கோபிப்பா.

காசைத் தாளாகக் கொண்டுவா, தொப்பி கொண்டுவா, கணினியைக் கொழும்பிலேயே விடு. எந்த வெள்ளி வருகிறாய் என்று சொன்னால், தங்குகிற வீட்டுக்காரருடன் நான் கதைத்து வைக்கிறேன். நண்டா, கணவாயா என்பதையும் அப்போதே சொல்லு, அவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

அன்புடன்,
அக்கா