மிக்ஸி ஓடுமா என்று கேட்டிருந்தாயே

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று நீ முடித்துவிடுவாய். அதனால் தாளில் எழுதி, உன் தம்பியிடம் டைப் அடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்துப் பிழைகள் எல்லாம் அவனுடையவை.

இங்கிருந்து கொண்டுபோன மிக்ஸி ஜெர்மனியில் ஓடுமா என்று இணையத்தில் யார் யாரிடமோ கேட்டிருக்கிறாய். தம்பி காட்டினான். வாழ்நாள் முழுக்க வயரிங் வேலை பார்த்தவன் பெற்ற பெண், மிக்ஸி ஓடுமா என்று ஊர் பேர் தெரியாதவர்களிடம் கேட்கிறாள்! கோபமா என்றால், கொஞ்சம் இருந்தது. அப்புறம் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ கேட்டபோது இங்கே நடுராத்திரி. அப்பாவை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருப்பாய்.

வந்த பதில்களைப் படிக்கப் படிக்கக் கோபம் போய்விட்டது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போட்டால் மோட்டார் திணறும், சட்னிகூட அரையாது என்கிறார் ஒருவர். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் தன் வீட்டு கிரைண்டர் வேகம் மாறித்தான் சுற்றுகிறது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், பிளக் மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்த மூவரில் ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. முதல் இருவரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நீ இருக்கும் ஜெர்மனியிலும் அதே 230, அதே 50. அதனால் உனக்குப் பொருந்துவது மூன்றாமவர் சொன்னதுதான். கிரைண்டர்காரர் சொன்னதும் அவர் வீட்டுக்குச் சரி. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், ஹெர்ட்ஸ் மாறினால் வேகமும் மாறும். மிக்ஸியில் இருப்பது கார்பன் வைத்த மோட்டார், அது ஹெர்ட்ஸைக் கண்டுகொள்ளாது.

மூன்றாமவர் ஒன்றை விட்டுவிட்டார்: எர்த். மலிவான அடாப்டர்களில் மூன்றாவது பின்னுக்கு ஓட்டை மட்டும் இருக்கும், உள்ளே எந்தத் தொடர்பும் இருக்காது. அங்கே சுவர் சாக்கெட்டுக்குள் எதிரெதிராக இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும் பார், அதுதான் எர்த். நீ வாங்கும் அடாப்டரின் ஓரத்திலும் அதைத் தொடுகிற மாதிரி உலோகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் மூன்றேகால் ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், அதனால் அடாப்டர் சூடாகும் என்ற கவலை வேண்டாம். எர்த்தை மட்டும் பார்த்து வாங்கு.

முகம் தெரியாதவர்களிடம் கேட்காதே என்று சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கேள். எங்கள் காலத்தில் சந்தேகம் வந்தால் ஒரு கார்டு வாங்கி எழுதி வாரப் பத்திரிகைக்குப் போடுவோம். ஜூனியர் விகடனில் சுஜாதா பதில் சொன்னார், ஆனந்த விகடனில் மதன் சொன்னார். வானம் ஏன் நீலம், பல்லி எப்படிச் சுவரில் ஒட்டுகிறது என்று அவர்களிடம் கேட்கலாம். எங்கள் வீட்டு ஃபேன் மட்டும் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று கேட்க முடியுமா? அந்த மாதிரிச் சில்லறைச் சந்தேகங்களுக்கு அப்போது தெருமுனை டீக்கடைதான். இப்போது நீ இருக்கும் தெருவில் டீக்கடை கிடையாது. (ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

நீ போன தீபாவளிக்குக் கிண்டல் செய்தாயே, "யார்னே தெரியாதவங்களுக்கு ராத்திரி உக்காந்து பதில் எழுதிட்டு இருக்கீங்களாமே" என்று. ஆமாம், எழுதுகிறேன். கேட்கிறவர்களைவிடப் பதில் சொல்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒருவர் கேட்டிருந்தார்: மழை பெய்தாலே வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகிறது, என்ன செய்வது? அது பழுதாகியிருக்கும், மாற்றுங்கள் என்று பலர் எழுதினார்கள். ஒரு புண்ணியவான், "அதை பைபாஸ் பண்ணி நேரா லைனைக் கொடுத்துடுங்க, தொல்லை விட்டது" என்று எழுதியிருந்தார். அதற்கு ஏகப்பட்ட பேர் லைக் வேறு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. வீடுகளில் போடும் ஆர்சிசிபி, கசிவு 30 மில்லி ஆம்பியர் போனால் லைனைத் துண்டிப்பதற்கென்றே செய்தது. மழையில் விழுகிறது என்றால் எங்கோ ஈரம் ஏறிக் கரண்ட் கசிகிறது, அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டால் அந்தக் கசிவு, ஈரத் தரையில் வெறுங்காலோடு கேட்டைத் திறக்கிற குழந்தை வழியாகப் போகும்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. திருப்பிக் கேட்டேன். வெளியே லைட் எத்தனை, மோட்டார் எங்கே இருக்கிறது, மழை விட்டபின் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? எம்சிபி (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள சுவிட்ச்) எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள், பிறகு எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு என்று எழுதினேன். எல்லாம் இறக்கியிருக்கும்போதே விழுந்தால் நீங்களாக எதையும் தொடாதீர்கள், ஒற்றை எம்சிபி ஃபேஸை (கரண்ட் வரும் கம்பியை) மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) எங்காவது எர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கும், ஆளைக் கூப்பிட்டு மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் எழுதினேன்.

சில நாள் கழித்து அவர் வந்தார். "சரியாயிடுச்சு சார், ரொம்ப நன்றி." அவ்வளவுதான். எது சரியானது? கேட் லைட்டா, மோட்டாரா, மொட்டை மாடியில் திறந்து கிடந்த ஜங்ஷன் பாக்ஸா? திரும்பக் கேட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அடுத்த ஐப்பசியில் இதே தொல்லையோடு தேடி வரும் யாரோ ஒருவர், கேள்வியைப் படித்து, என் பதிலைப் படித்து, கடைசியில் அந்த நன்றியில் வந்து முட்டிக்கொள்வார். பைபாஸ் யோசனை மட்டும் லைக்கோடு மேலே உட்கார்ந்திருக்கும்.

கயலு, நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான். மிக்ஸி ஓடியதும் அங்கே திரும்பப் போய் எழுது. எந்த ஊர், எந்த மிக்ஸி, எத்தனை வாட், எப்படிப்பட்ட அடாப்டர், எர்த் இருந்ததா, அரைத்தது என்ன, சூடானதா, எல்லாம் எழுது. சரிப்பட்டு வராவிட்டாலும் எழுது. உனக்குச் சொன்னவர்கள் தங்கள் நேரத்தைச் செலவழித்துச் சொன்னார்கள், அதற்கு நீ பைசா கொடுக்கவில்லை. என்ன ஆனது என்று சொல்வதுதான் கூலி.

கேட்கும்போதும் இதையெல்லாம் சேர்த்தே கேள். ஒருவர் போன் செய்து "கரண்ட் போச்சு" என்றால் எந்த வயர்மேனும் முதலில் கேட்பது "பக்கத்து வீட்ல இருக்கா?" என்றுதான். நீ கேட்ட கேள்வியில் ஜெர்மனி என்ற பெயர் கடைசி வரியில்தான் இருந்தது. முதல் இருவர் அதுவரை படிக்கவில்லை. முதல் வரியிலேயே ஊரைப் போட்டிருந்தால் அவர்கள் பேசாமல் நகர்ந்திருப்பார்கள்.

உன் குளியலறைச் சுவரின் கறுப்புப் புள்ளிகளுக்கு எந்த பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டதையும் தம்பி சொன்னான். அதற்குப் பலர் பெயிண்ட் பெயர் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் "குளிர்காலத்தில் ஜன்னலை எப்படித் திறந்து வைப்பாய்?" என்று திருப்பிக் கேட்டாராமே. அவர் கையில் தைரியமாக வீட்டையே ஒப்படைக்கலாம். அது பூஞ்சை, பெயிண்ட் அடித்தால் கொஞ்ச நாள் மறையும், மறுபடி வரும். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் லேசாகச் சாய்த்து நாள் முழுக்க வைத்தால் அதைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து ஈரம் அங்கேயே படியும். முழுசாகத் திறந்து சில நிமிடம் காற்று போகவிட்டு மூடிவிட வேண்டும், ஒரு நாளில் சில தடவை. அவர் சொன்னது இவ்வளவுதான், அதுவே போதும். கேட்டவுடன் பதில் வைத்திருப்பவரைவிடத் திருப்பிக் கேள்வி கேட்பவரை நம்பு. இப்போது சிலர் உன் கேள்வியை அப்படியே எடுத்து ஏஐயிடம் போட்டு, வந்ததை வெட்டி ஒட்டுகிறார்கள். அதில் எழுத்துப் பிழை இருக்காது, ஊரும் இருக்காது.

அதே இடத்தில் இன்னொருவர், குளோரின் உள்ள பூஞ்சை ஸ்ப்ரேயை அடித்துவிட்டு மேலே வினிகர் ஊற்றித் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். அதைச் செய்யவே செய்யாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் மூடிய சின்னக் குளியலறையில் மூச்சு அடைத்துவிடும். அங்கே கெட்டிலில் படியும் சுண்ணாம்புக்கு வினிகர் நல்லதுதான். அது கெட்டிலோடு நிற்கட்டும். சோதித்துப் பார்த்தால் ஒரு கிண்ணம் மாவு வீணாகும் என்கிற யோசனையை யார் சொன்னாலும் சோதித்துப் பார். உயிரோடு, நெருப்போடு, மருந்தோடு, கரண்டோடு சம்பந்தப்பட்டதைப் படித்துத் தெரிந்துகொள், செய்வதற்கு முன் ஆளைக் கூப்பிடு.

மாவு என்றதும் நினைவு வருகிறது. இட்லி மாவு பொங்கவில்லை என்று கேட்டதற்கு, ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு மாவை வைக்கச் சொன்னாராமே ஒருவர். அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் "சூடு வேணும்ல, சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்று தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். நீயும் ஒரு நோட்டு போடு. பள்ளியில் படிக்கும்போது யாகூ ஆன்சர்ஸில் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாயே, 2005இல் ஆரம்பித்ததை 2021 மே மாதம் மூடிவிட்டார்கள். உனக்கு வந்த பதில்களில் ஒன்றாவது உன்னிடம் இருக்கிறதா?

பணம், வாடகை விஷயங்களை எழுதும்போது பார்த்து எழுது. ஒப்பந்தத்தைப் படம் எடுத்துப் போடாதே, அதில் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் இருக்கும். சந்தேகமான ஒரு வரியை மட்டும் டைப் செய்து கேள். அட்வான்ஸாக மூன்று மாத வாடகைக்கு மேல், அதுவும் தண்ணீர், ஹீட்டிங் செலவு சேர்க்காத வாடகைக்கு மேல், வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. வீட்டுக்காரர் அதிகம் கேட்டால் உங்கள் ஊர் வாடகைதாரர் சங்கத்துக்குப் போ. நம் தெருவில் ஒருவர், டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை என்று பொதுவில் புகார் எழுதி, கூடவே போன் நம்பரையும் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் "கஸ்டமர் கேர்" பேசியது, பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் யுபிஐ பின் நம்பரைப் போடச் சொன்னது, போட்டார், போயிற்று. பணம் வாங்குவதற்கு எந்தப் பின் நம்பரும் தேவையில்லை. அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்கச் சொல்லி நான்தான் போனைக் கையில் கொடுத்தேன்.

இனி என் கேள்வி. அங்கே சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்சே கிடையாதாம், பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் போகுமாம். நம் ஊரில் ஃபேஸ் வலது பக்கம் என்று சட்டம் மாதிரி வைத்திருக்கிறோம். அப்படியானால் உன் மிக்ஸியின் சுவிட்ச் சில நேரம் ஃபேஸைத் துண்டிக்கும், சில நேரம் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். அங்கே உள்ள எலக்ட்ரீஷியன்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அந்த முகம் தெரியாதவர்களிடம் எனக்காக ஒரு வார்த்தை கேட்டு எழுது. கேள்வியின் முதல் வரியில் ஊரைப் போடு. அதுவரை ஜாரைக் கழுவும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு. அம்மா பருப்புப்பொடி வறுத்து வைத்திருக்கிறாள். பார்சலில் மசாலாப்பொடி அனுப்பலாமா என்று உன் தம்பி யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறான்.