தம்பிக்கு, முதல் பிலிம் ரோல் பற்றி

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சித்தப்பாவின் பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா உன் கைக்கு வந்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். என்ன பிலிம் வாங்குவது என்று நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட மனசு வரவில்லை. இன்று ஞாயிறு, வெளியே மழை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த ஊர் வெளிச்சத்தைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும். வேலைக்குப் போர்ட் லூயி போனால் துறைமுகத்து வெயில் கண்ணைக் கூசும். அதே மெட்ரோவில் எதிர்ப்பக்கம் ஏறிக் கியூர்பீப் போனால் மேட்டு நிலம், மேகம், தூறல். பிலிம் டப்பாவில் இருக்கும் எண் அது எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் படம் பிடிக்கும் என்பதைச் சொல்லும்; எண் கூடினால் குறைந்த வெளிச்சம் போதும். அங்கே 200 பிலிம் போட்டால் மர நிழலில் ஷட்டர் வேகம் 1/30 நொடிக்கு இறங்கிவிடும். கை ஆடிப் படம் கலங்கும். அதனால் நான் 400 போடுகிறேன். 200-க்கு வேண்டிய வெளிச்சத்தில் பாதி அதற்குப் போதும். பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஏஎஸ்ஏ என்பார்கள், டப்பாவில் ஐஎஸ்ஓ என்று இருக்கும், எண் ஒன்றுதான். நம்ம ஊர் வெயிலுக்குக் கோடக் கோல்டு 200 தாராளம். வீட்டுக்குள்ளும் எடுப்பாய் என்றால் அல்ட்ராமேக்ஸ் 400.

எதுவானாலும் ஒரே வகையில் இரண்டு ரோல் வாங்கு. ஒவ்வொரு தடவையும் பிலிமை மாற்றினால் தப்பு பிலிமுடையதா உன்னுடையதா என்று தெரியாது.

கறுப்பு வெள்ளை ஆசை உனக்கு இருக்கும், எனக்கும் இருந்தது. இல்ஃபோர்டு எச்பி5 நல்ல பிலிம்தான். ஆனால் கோல்டு, அல்ட்ராமேக்ஸ் போன்ற கலர் நெகடிவ் பிலிமைக் கழுவும் சி-41 மருந்தில் அதைக் கழுவ முடியாது, வேறு மருந்து வேண்டும். அதைச் செய்துதர ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரி, அப்புறம் வாங்கு. நெகடிவ் இல்லாமல் நேராகவே படம் விழும் ஸ்லைடு பிலிம் பக்கமே போகாதே. வெளிச்சக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் படம் போய்விடும். கலர் நெகடிவ் அப்படியில்லை, வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

இப்போது என் கதை. இங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் கூட்டம் ஏறும். வீட்டில் இந்த ஊர்க் கிரியோல் மொழி பேசுகிறவர்கள் வாயில் அன்றைக்கு அரோகரா. உடைகள் எல்லாம் அடர்ந்த ரோஸ் நிறம், நம்ம ஊரில் காவி, மஞ்சள் போல. அதற்கென்று ஒரு கடையில் பாதி விலைக்கு இரண்டு ரோல் வாங்கினேன். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் கிடந்தது என்பதைப் பார்த்தேன்; டப்பாவில் தேதி போயிருந்ததைப் பார்க்கவில்லை. கழுவி வந்ததும் பார்த்தால் ரோஸ் எல்லாம் சேறு, நிழல் முழுக்கப் புள்ளி. 72 படமும் அப்படியே. அடுத்த காவடிக்கு ஒரு வருஷம் இருந்தது!

ஆக, தேதி பார். வாங்கியதை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வை. வெளியே எடுத்தால் ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் டப்பாவைத் திற, இல்லையென்றால் உள்ளே ஈரம் பூக்கும்.

கே1000 பிலிமின் எண்ணைத் தானாகப் படிக்காது. ஷட்டர் வேகத் திருகின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி நீதான் வைக்க வேண்டும். ரோல் போட்டதும் பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத் திருகு சுற்றுகிறதா என்று பார். சுற்றவில்லையென்றால் பிலிம் மாட்டவில்லை, 36 படமும் காற்றுக்குத்தான். எடுக்காதபோது லென்ஸ் மூடியைப் போட்டு வை. இந்தக் கேமராவில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது, மூடாவிட்டால் அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

கழுவக் கொடுத்த இடத்தில் நெகடிவைக் கேட்டு வாங்கிக்கொள். முதல் ரோலில் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து எடு. சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்பாள், விடாதே.

அன்புடன்,
அண்ணன்