மேகத்தின் ஓட்டமும் பிந்திய எச்சரிக்கையும்

ஆசிரியருக்கு,

புரெவிப் புயல் கரையேறிய 2020 டிசம்பர் 2 இரவு, வள்ளங்களை மேட்டில் இழுத்துக் கட்டிவிட்டு, கைபேசியில் சுழன்ற வெள்ளை மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் படத்துக்கு வழி திறந்தவர் அமெரிக்க விஞ்ஞானி வெர்னர் சுவோமி. சுழலும் செய்மதியில் கமராவைப் பொருத்தி, ஒவ்வொரு சுற்றிலும் பூமியை ஒரு கீற்றாகப் படம்பிடிக்கச் செய்தார்; கீற்றுகள் சேர்ந்து முழுப்படமாயின. 1966இல் ஏவப்பட்ட ஏடிஎஸ்-1 செய்மதியில் அந்தக் கமரா இருந்தது. செய்மதி ஒரே இடத்துக்கு மேலே நின்றதால், மேகத்தின் ஓட்டத்தை வைத்தே காற்றின் வேகத்தைக் கணிக்க முடிந்தது. (எங்கள் அப்பு வாடைக்காற்றை மூக்காலேயே கணிப்பார், அது வேறு கதை.) இத்தனை இருந்தும் எங்கள் கரைக்கு எச்சரிக்கை தமிழில் பிந்தித்தான் வருகிறது. அன்றிரவு சிங்களத்தில் வந்த குறுஞ்செய்தியை அயல்வீட்டுத் தம்பிதான் வாசித்துச் சொன்னான்.

வாசகர்,
திருக்கடலூர், திருகோணமலை.